கொடுங்கோலன் யார்?



கொடுங்கோலன் என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண் முன்னே வந்து நிற்பவன் யார்? திருவிழாக் கூத்திலே முறுக்கிய மீசையும் உருட்டிய விழியுமாக மேடை அதிர நடந்து வருகிறானே, அந்த இரணியன். தங்கை பெற்ற பிள்ளைகளைச் சிறையிலே கொன்றானே, அந்தக் கம்சன். கத்துகிறவன், அடிக்கிறவன், இரக்கமில்லாதவன். அவனே கொடுங்கோலன் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆகவேதான் கத்தாதவனையும் அடிக்காதவனையும், தீபாவளிக்கு ஆளுக்கொரு வேட்டி கொடுப்பவனையும் கண்டால், "இவர் தங்கமான மனிதர்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறோம்.

இந்த எண்ணத்தினால் நாம் அடைந்த நட்டம் கொஞ்சமல்ல. கொடுங்கோன்மை என்பது ஒருவனுடைய குணத்தில் மட்டும் இருப்பதன்று. அது ஆட்சியின் அமைப்பில் இருப்பது. ஆளுகின்றவனைப் பார்த்து, "ஏன் இப்படிச் செய்தாய்? கணக்குக் காட்டு" என்று ஆளப்படுகின்றவன் கேட்க முடியுமா, முடியாதா? கேட்க முடியாது என்றால், அங்கே அமர்ந்திருப்பவன் புன்சிரிப்பு மன்னனாக இருந்தாலும் அது கொடுங்கோன்மைதான்.

இதைக் கண்ணகியின் கதையே நமக்குச் சொல்லவில்லையா? பாண்டியன் நெடுஞ்செழியன் விசாரியாமல் கோவலனைக் கொல்வித்தான். ஆயினும் கணவனை இழந்த ஒரு பெண், கையில் சிலம்போடு அரசவை ஏறிக் கணக்குக் கேட்க முடிந்தது. வாயிற்காவலன் அவளை உள்ளே விட்டான். மன்னன் கேள்விக்குப் பதில் சொன்னான்; பதில் பொய்த்ததும் உயிரைவிட்டான். கேள்விக்குக் கட்டுப்பட்டவன் தவறு செய்தாலும் அரசன். கேள்வி கேட்பவளை வாசலிலேயே விரட்டுகிறவன் கொடுங்கோலன். திருவள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அடுத்த அதிகாரத்தையே கொடுங்கோன்மைக்கு வகுத்தார் என்றால், இரண்டுக்கும் இடையே உள்ள வரப்பை மக்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தானே!

இந்த வரப்பை நன்றாக ஆராய்ந்தவர்கள் பழைய கிரேக்கர்கள். ஆங்கிலத்தார் 'டைரண்ட்' என்று சொல்லும் சொல் கிரேக்கரிடமிருந்து வந்தது. தொடக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கொடியவன் என்ற பொருள் கட்டாயம் இல்லை. பரம்பரை உரிமையாலோ நகரத்துச் சட்டத்தாலோ அல்லாமல், தானே ஆட்சியைக் கைப்பற்றிக்கொண்டவன் என்பதே பொருள். கி.மு. 7, 6-ஆம் நூற்றாண்டுகளில் கிரேக்க நகரங்கள் பலவற்றில் இப்படிப்பட்டவர்கள் தோன்றினார்கள். அவர்களில் ஏதென்ஸ் நகரத்துப் பிசிஸ்ட்ராட்டஸின் கதை நாம் அறிய வேண்டிய கதை.

அவன் ஏழை மலைநாட்டு மக்களின் தலைவனாக முன் வந்தவன். ஏறக்குறைய கி.மு. 561-இல், தன் உடம்பிலும் தன் கோவேறு கழுதைகள் உடம்பிலும் தானே காயம் உண்டாக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடி வந்தான். "உங்களுக்காகப் பாடுபடும் என்னைப் பகைவர்கள் கொல்லப் பார்த்தார்கள்" என்று முறையிட்டான். மக்கள் மனமிரங்கிக் காவலுக்குத் தடிக்காரர்களைக் கொடுத்தார்கள். அந்தத் தடிகளைக் கொண்டே கோட்டையைப் பிடித்துக்கொண்டான்! இரண்டு முறை துரத்தப்பட்டும் திரும்பி வந்தான். கி.மு. 546 முதல் 527-இல் சாகும் வரை அசையாமல் ஆண்டான்.

மக்களிடமிருந்து ஆயுதத்தை அவன் பறித்த விதத்தையும் கேளுங்கள். கூட்டம் கூட்டி மெல்லிய குரலில் பேசினான். காது கேட்கவில்லை என்று மக்கள் நெருங்கி வந்தார்கள். அந்த நேரத்தில் அவனுடைய ஆட்கள் ஆயுதங்களை எல்லாம் அள்ளிப் பூட்டி வைத்துவிட்டார்கள். பின்பு அவன் சொன்னானாம்: கவலைப்படாதீர்கள், வீட்டுக்குப் போய் உங்கள் சொந்த வேலையைப் பாருங்கள், பொது வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவன் அதட்டவில்லை, மிரட்டவில்லை. மெல்லத்தான் பேசினான்.

அவன் நல்லதே செய்யவில்லையா? செய்தான். ஏழைக் குடியானவர்களுக்குக் கடன் கொடுத்தான். கிராமங்களுக்கு நடுவர்களை அனுப்பினான். ஒரு முறை மலைச்சரிவில் கல்லைக் கொத்திக்கொண்டிருந்த ஒருவனைக் கண்டு, இந்த நிலத்தில் என்ன விளைகிறது என்று கேட்கச் செய்தான். நோவும் வலியும்தான் விளைகின்றன, அதிலும் பத்தில் ஒரு பங்கைப் பிசிஸ்ட்ராட்டஸ் எடுத்துக்கொள்ளட்டும் என்றான் அந்த ஏழை, கேட்டவர் யார் என்று அறியாமல். பிசிஸ்ட்ராட்டஸ் சிரித்து, அவனுக்கு வரியைத் தள்ளுபடி செய்தான்.

அழகான கதை! ஆனால் தோழர்களே, அடுத்த மலைச்சரிவில் கல் கொத்தியவன் கதி என்ன? ஒருவனுக்குக் கிடைத்தது தயவு. எல்லோருக்கும் கிடைப்பதுதான் உரிமை. தயவு காட்டியவன் செத்தால் தயவும் சாகும். அவன் மகன் ஹிப்பியாஸ் காலத்தில் அப்படியே நடந்தது. "எங்கள் தோட்டத்துத் துரை நல்லவர்" என்று சொல்லிச் சங்கத்துக்குச் சந்தா கட்டாமல் இருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! நல்ல துரை சீமைக்குப் போன மறுநாள் புதுத் துரை வந்தபோது, அவர்கள் கையில் இருந்தது என்ன?

கொடுங்கோலன் தன் ஆட்சியை எப்படி நிலைநிறுத்துகிறான்? இதை அரிஸ்டாட்டில் என்னும் அறிஞர் (கி.மு. 384–322) பிரித்துக் காட்டினார். அவன் நாடுவது மூன்று. மக்கள் தங்களைச் சிறியவர்களாக எண்ண வேண்டும். ஒருவரை ஒருவர் நம்பக் கூடாது. எதையும் செய்ய வலிமையற்றவர்களாக இருக்க வேண்டும். இந்த மூன்று தூண்கள் நிற்கும் வரை அவன் அரண்மனை நிற்கும் என்றார். அவர் கிரேக்க நகரங்களைப் பார்த்து எழுதினார். ஆயினும் மலாயாவின் பழைய ரப்பர் தோட்டத்தைப் பார்த்து எழுதியதுபோல் அல்லவா இருக்கிறது!

நாம் இருக்கும் மார்சிலிங் வட்டாரமும் ஒரு காலத்தில் ரப்பர்க் காடுதான். லிம் நீ சூன் என்ற பெரும் தோட்ட முதலாளி (1879–1936) சீனத்திலுள்ள தம் மூதாதையர் ஊரின் பெயரை இந்த மண்ணுக்கு இட்டார் என்பர். இன்று மரங்கள் போய் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. கால்வாய்க்கு அப்பால் ஜொகூரிலும் அதற்கு வடக்கிலும் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. மரம் மாறிவிட்டது, தூண்கள் மாறினவா என்று பார்க்க வேண்டாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் தூண், மக்களைச் சிறுமைப்படுத்துதல். மிலீட்டஸ் நகரத்துக் கொடுங்கோலன் த்ராசிபுலஸிடம், கொரிந்த் நகரத்துப் பெரியாண்டர் தூதன் ஒருவனை அனுப்பி, நன்றாக ஆள்வது எப்படி என்று கேட்டானாம். த்ராசிபுலஸ் வாய் திறக்கவில்லை. தூதனை வயலுக்கு அழைத்துச் சென்று, உயர்ந்து நின்ற கதிர்களை எல்லாம் ஒடித்து எறிந்துகொண்டே நடந்தான். தூதனுக்குப் புரியவில்லை, பெரியாண்டருக்குப் புரிந்தது. தலை நிமிர்ந்தவன் எவனோ அவனை முதலில் வெட்டு! தோட்டத்தில் இது எப்படி நடந்தது என்பதை உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? பெரட்டுக் களத்தில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியவனுக்கு வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். பெண்டு பிள்ளைகளோடு சடக்கில் நிற்க வேண்டும். ஒருவன் சடக்கில் நிற்பதைக் கண்ட நூறு பேர், தாமாகவே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இரண்டாம் தூண், நம்பிக்கையின்மை. சிராக்யூஸ் நகரத்துக் கொடுங்கோலர்கள் கூட்டம் கூடும் இடமெல்லாம் ஒட்டுக் கேட்பவர்களை ஏவினார்கள். மக்கள் சேர்ந்து உண்பதும், சங்கம் கூடுவதும், கல்வி கற்பதும் கொடுங்கோலனுக்கு ஆகாது என்கிறார் அரிஸ்டாட்டில். நம் தோட்டத்திலோ ஒரு கங்காணியின் ஆட்கள் இன்னொரு கங்காணியின் ஆட்களோடு சேரமாட்டார்கள். வேலைக்கு வரும் ஒவ்வொரு ஆளுக்கும் தலைக்காசு கங்காணிக்குக் கிடைத்தது. ஆகையால் ஆட்களைப் பிரித்துப் பிடித்து வைத்திருப்பது அவன் பிழைப்பு. சாதி பார்த்து லயம் பிரித்தார்கள். வெளியூர் உறவினர் தோட்டத்துக்குள் வருவதற்கும் அனுமதி வேண்டியிருந்தது. இந்தக் கங்காணி முறையை ஒட்டி ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல்தான் நிறுத்தியது.

மூன்றாம் தூண், வலிமையின்மை. மக்களை ஏழைகளாகவும் ஓயாத வேலையிலும் வைத்திருந்தால் சதி செய்ய நேரமிராது. எகிப்தின் பிரமிடுகளும் ஏதென்ஸில் பிசிஸ்ட்ராட்டஸ் வீட்டார் தொடங்கிய பெருங்கோயிலும் இதற்குச் சான்று என்று அரிஸ்டாட்டில் எழுதினார். தோட்டத்திலோ விடியுமுன் எழுந்து பால் வெட்டி, பால் எடுத்து, நிறை போட்டு, வீடு திரும்பினால் எதிரே கள்ளுக்கடை. சம்பளத்தில் மிச்சமிருந்ததைக் கள்ளும் கடனும் தின்றன. பள்ளிக்கூடம் என்று பெயருக்கு ஒரு கொட்டகை. பல தோட்டங்களில் நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பிறகு பிள்ளை கையிலும் உளி!

இந்த மூன்று தூண்களையும் ஒரே நேரத்தில் அசைத்துப் பார்த்த நிகழ்ச்சி ஒன்று நம் வரலாற்றில் உண்டு. அதுதான் 1941-ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம். 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அவர்கள் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தொழிலாளர்களின் கோரிக்கைகளைத் திரட்டியது. போர்க்காலம், ரப்பருக்கு நல்ல விலை. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை இந்தியத் தொழிலாளிக்கும் கொடு என்றார்கள். அதோடு நின்றார்களா? முரட்டு மேலாட்களை நீக்கு, எங்கள் பெண்களைத் தொல்லை செய்யாதே, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வை, மருத்துவ வசதி செய், உறவினர் தோட்டத்துக்குள் தாராளமாக வரட்டும், பேசவும் கூடவும் சங்கம் வைக்கவும் உரிமை கொடு, குறை சொன்னவனைப் பழிவாங்காதே என்றார்கள். இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரைமார் முன்னாலும் தோட்ட அலுவலர்கள் முன்னாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போக எங்களுக்கு உரிமை வேண்டும்!

"கூலி கேட்டது சரி, சைக்கிளில் என்ன இருக்கிறது?" என்று இன்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் முதல் தூணை அறியாதவர்கள். சைக்கிளிலிருந்து இறங்கும்போது கால் மட்டுமா இறங்குகிறது? மனமும் இறங்குகிறது. நாள்தோறும் இறங்கியவன் கூலி கேட்க நிமிரமாட்டான். அந்தத் தொழிலாளர்கள் அரிஸ்டாட்டிலைப் படித்தவர்களல்லர். ஆனால் அவர்கள் கோரிக்கைகளை எடுத்து வைத்துப் பாருங்கள்: சைக்கிள் முதல் தூணுக்கு, உறவினர் வருகையும் சங்கமும் இரண்டாம் தூணுக்கு, கூலியும் பள்ளியும் கள்ளுக்கடையும் மூன்றாம் தூணுக்கு. கொடுங்கோன்மையின் உடலை அவர்கள் தங்கள் உடலால் அறிந்திருந்தார்கள்.

அரசாங்கம் என்ன செய்தது? 1941 மே மாதத்தில் நாதன் அவர்களைக் கைது செய்து நாடு கடத்தியது. உயர்ந்த கதிரை ஒடித்தார்கள்! வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. சிலாங்கூரில் அவசர நிலை அறிவித்துப் படையை அழைத்தார்கள். வந்தவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். துப்பாக்கி வெடித்தது; தொழிலாளர் மாண்டனர்; பலர் சிறைப்பட்டனர், நாடு கடத்தப்பட்டனர்.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. துரைமார் சிறைக்குப் போனார்கள். சிலர் முன்னதாகவே ஓடிவிட்டார்கள். கொடுங்கோன்மை ஒழிந்ததா? கிரேக்கர் இதற்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். கி.மு. 514-இல் ஹார்மோடியஸ், அரிஸ்டோகீட்டன் என்ற இருவர் ஹிப்பியாஸின் தம்பி ஹிப்பார்க்கஸைக் கொன்றார்கள். தம்பி செத்தான், அண்ணன் ஆட்சி முன்னிலும் கொடிதாயிற்று. ஆளை நீக்கினால் போதாது. தூண்களை நீக்க வேண்டும். 1942-இலும் அதுவே நடந்தது. துரை போனான், செக்ரோல் இருந்தது. ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டபோது, அதே பெயர்ப் பட்டியலிலிருந்துதான் ஆட்கள் குறிக்கப்பட்டார்கள். பல்லாயிரம் தமிழர் போனார்கள். போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. ஒரு தோட்டத்திலும், "இவன் பெயரை ஏன் எழுதினாய்?" என்று கேட்க ஒரு சங்கம் இல்லை.

அப்படியானால் ஏதென்ஸ் மக்கள் எப்படி விடுதலை அடைந்தார்கள்? ஹிப்பியாஸை கி.மு. 510-இல் ஸ்பார்ட்டா படையின் துணையால் துரத்தினார்கள். அவன் பாரசீக மன்னனிடம் தஞ்சம் புகுந்து, கி.மு. 490-இல் மாரத்தான் போருக்கு அந்நியப் படையோடு தன் நகரத்தின் மேலேயே வந்தான். ஆனால் உண்மையான மாற்றம் துரத்தியதில் இல்லை. கி.மு. 508-இல் கிளைஸ்தனிஸ் தொடங்கிய சீர்திருத்தமும், அதன் வழியே வளர்ந்த ஏற்பாடுகளுமே மாற்றம். ஐந்நூறு பேர் கொண்ட பேரவை. காலப்போக்கில் அதற்கும் சீட்டுக் குலுக்கியே ஆள் எடுத்தார்கள், ஒருவன் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அதில் அமர முடியாதென்று ஆக்கினார்கள். பதவி வகித்தவன் ஆண்டு முடிவில் கணக்கு ஒப்படைக்க வேண்டும்; குற்றம் கண்ட எந்தக் குடிமகனும் அப்போது எழுந்து கேட்கலாம்.

இதைக் கேட்டு வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்க் கல்வெட்டு என்ன சொல்கிறது? குடவோலை எடுத்து வாரியத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் வரக்கூடாது! கணக்குக் கேட்பது தமிழனின் பழைய சொத்து.

இரண்டிலும் குறை இல்லையா? பெருங்குறை இருந்தது. உத்திரமேரூரில் நிலமுள்ள பிராமணருக்கே இடம். ஏதென்ஸில் பெண்ணுக்கு வாக்கில்லை. அடிமைக்கு மனிதன் என்ற பெயரே இல்லை. லாரியம் வெள்ளிச் சுரங்கத்தில் அடிமைகள் இருட்டில் வெட்டிய வெள்ளி, சுதந்திர ஏதென்ஸின் கப்பல்களுக்குச் செலவாயிற்று. தனக்குச் சுதந்திரமும் தனக்குக் கீழே இருப்பவனுக்குக் கொடுங்கோன்மையும் வைத்துக்கொண்ட நகரம் அது. இந்தக் குறையை ஏன் சொல்கிறேன் என்றால், அது நமக்கும் வரக்கூடிய நோய்.

இப்போது கிராணிமார் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கி.மு. 405 முதல் 367 வரை சிராக்யூஸை ஆட்டிவைத்த டயனீஷியஸ், தொடக்கத்தில் ஒரு எழுத்தராக இருந்தவன் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. நம் பேச்சில் சொன்னால், கிராணி! அவனும் பணக்காரத் தளபதிகளைக் குறை கூறி, ஏழைகளுக்காகப் பேசித்தான் மேலே வந்தான். பேனா பிடித்த கை தடி பிடித்த கையைவிட மென்மையானது என்று யாரும் எண்ண வேண்டாம். 1941-இல் தொழிலாளர்கள் சைக்கிளை விட்டு இறங்கியது வெள்ளைத் துரை முன்னால் மட்டுமல்லவே! அதனால்தான் சொல்கிறேன்: செக்ரோலில் ஒரு பெயரை விடுவதும், நிறையில் ஒரு ராத்தலைக் குறைப்பதும் சின்ன விஷயமல்ல. உங்கள் மேசைதான் கொடுங்கோன்மையின் வாசலாகவும் இருக்கலாம், கண்ணகியை உள்ளே விடும் வாசலாகவும் இருக்கலாம்.

சங்கத் தலைவர்களுக்கும், ஏன், சங்க உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. 1954-இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது, மூன்று தூண்களையும் எதிர்த்து நாம் கட்டிய அணை. ஆனால் பிசிஸ்ட்ராட்டஸ் எந்தக் கட்சியிலிருந்து வந்தான்? ஏழைகள் கட்சியிலிருந்து! "உங்களுக்காக நான் காயப்பட்டேன்" என்று சொல்பவரை மதியுங்கள்; ஆனால் அதற்காகத் தடிக்காரர்களைக் கொடுத்துவிடாதீர்கள். "நீங்கள் வீட்டுக்குப் போங்கள், பொது வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எந்தத் தலைவர் சொன்னாலும், எந்த நிறத்தவர் சொன்னாலும், எவ்வளவு மெல்லிய குரலில் சொன்னாலும், அங்கேயே உட்காருங்கள். வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். புரியாவிட்டால் மறுபடியும் படிக்கச் சொல்லுங்கள். நேர்மையான தலைவருக்கு இதனால் வருத்தம் வராது, பலம்தான் வரும்.

கடைசியாக ஒன்று. இன்று மலேசியத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் மிகப் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். சிங்கப்பூரில் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் தமிழ்நாட்டிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கங்காணிக் கடன் போய் ஏஜெண்டுக் கடன் வந்திருக்கிறது. லயம் போய் விடுதி வந்திருக்கிறது. அவர்கள் நம் மொழி பேசினாலும் பேசாவிட்டாலும், நம் தாத்தாக்கள் நின்ற பெரட்டுக் களத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்து, "ஏய்" என்று கூப்பிடும் ஒவ்வொரு தமிழனும் ஏதென்ஸின் நோயைச் சுமக்கிறான். நாம் சைக்கிளில் ஏறிக்கொண்டு அவர்களை இறங்கச் சொல்வதா?

கொடுங்கோலன் யார் என்று கேட்டோம். கணக்குக் கேட்கப்படாதவன் கொடுங்கோலன். அவனை உண்டாக்குவது யார் என்றும் கேட்டுப் பார்ப்போம். கணக்குக் கேட்க மறந்தவர்கள்தான் அவனை உண்டாக்குகிறார்கள். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வாருங்கள், தோழர்களே. மனைவியையும் வயதுவந்த பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பக்கத்து வீட்டு வங்காள தேசத்துத் தோழனையும் அழைத்து வாருங்கள். வந்து, கேளுங்கள்!